இரவு பதினொன்றரைக்குப் பேசுகிறவரும் ஜவுளிக்கடையில் நின்றவரும்

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏழு மாதத்துக்கு முன்னால் நிச்சயம் ஆனது. மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் வேலை. தினமும் இரவு இரண்டு மணி நேரம் வாட்ஸ்அப்பில் பேச்சு, பகலெல்லாம் மெசேஜ். பள்ளிக்கூடத்தில் பட்ட அவமானத்திலிருந்து அப்பாவின் குடிப்பழக்கம் வரைக்கும் அவரிடம் சொல்லியாயிற்று. போன மாதம் அவர் பத்து நாள் லீவில் வந்தார். நேரில் பார்த்தால் இருவருக்கும் பேச்சே வரவில்லை, "சாப்பிட்டீங்களா"வைத் தாண்டவில்லை. அவர் ஜெர்மனி திரும்பியதும் பழையபடி பேச்சு கொட்டுகிறது. கல்யாணம் தை மாதம். உறவு வளர ஆன்லைன் பேச்சு நல்லதா, நேர்ப்பழக்கம் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கேட்க வந்தது கடைசி வரியில் இருக்கிறது: "இந்த ரெண்டு பேர்ல யாரை நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்?" நான் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் குடும்பநல ஆலோசகர். உளவியலில் முதுகலை, திருச்சியில் பதினெட்டு வருட வேலை. கல்யாணத்துக்கு முன்னால் குழம்பி வருகிறவர்களையும், ஆகி ஆறு மாதத்தில் அம்மா வீட்டுக்குப் பெட்டியோடு வந்துவிட்டவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். இதில் ஒரு கோணல் உண்டு. நன்றாக இருப்பவர்கள் என்னிடம் வருவதில்லை. பல் வைத்தியர் ஊரில் எல்லோருக்கும் சொத்தைப் பல் என்று நினைப்பது போல எனக்கும் ஒரு நினைப்பு வந்திருக்கலாம். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். அதோடு, உங்கள் இருவரையும் நான் பார்த்ததில்லை, கையில் இருப்பது நீங்கள் எழுதிய ஒரு பக்கம் மட்டும்.

முதலில் அந்தப் பத்து நாளை எடுத்துக்கொள்வோம். நேரில் பழகினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கெல்லாம் என்று நீங்களே சொல்லியும் இருக்கிறீர்கள்: ஜவுளிக்கடை, நகைக்கடை, அவருடைய பெரியப்பா வீடு, உங்கள் அத்தை வீடு, மண்டபம் பார்க்கப் போனது, ஒருநாள் ஹோட்டலில் சாப்பாடு (கூட உங்கள் தம்பி). இதில் இரண்டு பேர் மட்டும் தனியாக இருந்த நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு மணி நேரம் தேறினால் பெரிது. அதாவது கதவைச் சாத்திக்கொண்டு ஏழு மாதம் பேசியதையும், அத்தை பார்த்துக்கொண்டிருக்க ஜவுளிக்கடையில் நின்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறீர்கள். வித்தியாசம் போனுக்கும் நேருக்கும் நடுவில் இருக்கிறதா, தனிமைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் இருக்கிறதா என்று இதை வைத்துச் சொல்லவே முடியாது. என் அனுபவத்தில் நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான். ஆகவே அந்தப் பத்து நாள் மௌனத்தை அவருக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது கொஞ்சம் கசப்பாக இருக்கும். அந்த ஏழு மாதப் பேச்சையும் அப்படியே அவருக்கு ஆதரவான சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜோசப் வால்தர் என்ற அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆய்வாளர் 1996-இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதுவரை பலர், எழுத்து வழிப் பேச்சு என்றாலே சப்பென்று இருக்கும், முகம் தெரியாததால் நெருக்கம் வராது என்று நினைத்தார்கள். அவர் அதைத் திருப்பிப் போட்டார். சில நேரம் நேர்ப்பேச்சை மிஞ்சிய நெருக்கமே எழுத்தில் வந்துவிடும் என்றார். காரணம் எளிது. எழுதுகிறவருக்கு யோசிக்க நேரம் இருக்கிறது, தன்னுடைய நல்ல பக்கத்தை எடுத்து வைக்கிறார். படிக்கிறவர் தெரியாத இடங்களைத் தன் ஆசையால் நிரப்பிக்கொள்கிறார். அப்படி நிரப்பி ரசித்து அவர் பதில் போட, அந்த ரசனையைப் பார்த்து எழுதியவர் இன்னும் நல்லவராக எழுதுகிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருந்தாலும் இருவருமாகச் சேர்ந்து, நடுவில் மூன்றாவதாக ஒரு ஆளைச் செய்துவிடுகிறார்கள்.

உங்கள் விஷயத்தில் நேரக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனி நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால். நீங்கள் இரவு பதினொன்றரைக்கு விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டு பேசும்போது அவருக்கு மாலை ஏழு, எட்டு மணி. வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் யார்தான் நல்லவர் இல்லை? காலை எட்டரைக்கு வண்டிச் சாவியைக் காணோம் என்று தேடுகிற அவரை நீங்கள் இன்னும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவரும் உங்களைப் பார்க்கவில்லை.

எது ஓரளவு உறுதியாகத் தெரியும், எது தெரியாது என்று பிரித்துக்கொள்வோம். எழுத்தும் குரலும் ஒன்றில்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2005-இல் வந்த ஓர் ஆய்வில், தாங்கள் எழுதியது கிண்டலா நிஜமா என்பதைப் படிக்கிறவர் 100-க்கு 78 தடவை சரியாகக் கண்டுபிடித்துவிடுவார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். குரலில் கேட்டவர்கள் 73 தடவை கண்டுபிடித்தார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் 56 தடவைதான். சும்மா காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும். நாம் எழுதும்போது நம் குரல் நம் காதுக்குள்ளேயே ஒலிப்பதால் அது எதிராளிக்கும் கேட்கும் என்று நினைத்துவிடுகிறோம். இன்னொன்று 2012-இல் அமெரிக்காவில் விஸ்கான்சினில் நடந்தது. சிறுமிகளைக் கூட்டத்துக்கு முன்னால் பேசவும் கணக்குப் போடவும் வைத்துப் பதற்றப்படுத்தி, அப்புறம் அம்மாவோடு பேச விட்டார்கள். சிலர் நேரில், சிலர் போனில், சிலர் மெசேஜில். நேரிலும் போனிலும் பேசிய பிள்ளைகளுக்குப் பதற்றத்தைக் காட்டும் ஹார்மோன் இறங்கியது. மெசேஜ் மட்டும் வந்த பிள்ளைகள், யாருமே பேசாமல் விடப்பட்ட பிள்ளைகளைப் போலவே இருந்தார்கள். சிறிய ஆய்வு, அதுவும் அம்மாவும் மகளும். அப்படியே மாப்பிள்ளை பெண்ணுக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் அழுதுகொண்டிருப்பவருக்கு மெசேஜ் போடாதீர்கள், கூப்பிட்டுவிடுங்கள் என்று என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது அதற்கு முன்பிருந்தே.

வீடியோ கால் இருக்கிறதே, அதில் முகம் தெரிகிறதே என்பீர்கள். தெரிகிறது. ஆனால் பேச்சுக்கும் பதிலுக்கும் நடுவில் மனிதர்கள் விடும் இடைவெளி ரொம்பச் சின்னது. பத்து மொழிகளை வைத்து 2009-இல் செய்த ஆய்வில் அது சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் இருந்தது. நெட் கொஞ்சம் இழுத்தால் போதும், அந்தத் தாளம் கெட்டுவிடும். இப்படித் தாமதமாகும்போது நாம் லைனைக் குறை சொல்வதில்லை. எதிரில் இருப்பவருக்கு அக்கறை இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம், இதையும் ஆய்ந்து பார்த்திருக்கிறார்கள். "ஏன் யோசிச்சு பதில் சொல்றீங்க?" என்று நீங்கள் சண்டை போட்டதாக எழுதியிருந்தீர்களே, அன்றைக்கு யோசித்தது அவரா, வைஃபையா?

ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். பேச்சில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும், வார்த்தை வெறும் 7 சதவீதம் என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். அது 1967-இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் செய்த இரண்டு சின்னச் சோதனைகளிலிருந்து வந்த கணக்கு. வார்த்தை ஒன்று சொல்ல முகமும் குரலும் வேறொன்று சொன்னால், பிடிக்கும் பிடிக்காது என்பதில் எதை நம்புவீர்கள் என்பதற்கு மட்டுமான கணக்கு. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த ஏழு மாதப் பேச்சு வெறும் 7 சதவீதம்தான் என்று யாராவது பயமுறுத்தினால் கண்டுகொள்ள வேண்டாம்.

என் கதை ஒன்று சொல்கிறேன். 1980-களில் என் அப்பா சவூதியில் இருந்தார். கடிதத்தோடு கேசட்டும் வரும். லீவில் வருகிற யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். அம்மா டேப்ரிக்கார்டரை மரப்பெட்டி மேல் வைத்துப் போடுவாள், எங்கள் தெருவே வந்து உட்கார்ந்து கேட்கும். அப்பா ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விசாரிப்பார், பின்னால் ஏசி ஓடுகிற சத்தம் கேட்கும். நான் அந்தக் கேசட்டோடு பேசுவேன். அவர் இருமும் இடம்கூட எனக்கு மனப்பாடம். எனக்கு ஐந்து வயதாகும்போது அவர் நேரில் வந்தார். நான் ஆயாவின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன், இரண்டு நாள் வெளியே வரவில்லை. குரலைத் தெரியும், அந்தக் குரலுக்கு இவ்வளவு உயரம் இருக்கும் என்று தெரியாது. அவர் மேல் வீசிய சோப்பு வாசனை தெரியாது. மூன்றாம் நாள் அவர் முற்றத்தில் உட்கார்ந்து ஒரு பழைய பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிடவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. நான் மெதுவாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கீழே விழுந்த திருகாணியை எடுத்துக் கொடுத்தேன். அவர் பேசிக் கூப்பிட்டிருந்தால் நான் போயிருக்க மாட்டேன்.

நேர்ப்பழக்கம் என்று நான் சொல்வது இதைத்தான். ஒருவர் உங்களைப் பார்த்துப் பேசாத நேரத்தில் எப்படி இருக்கிறார் என்பது. போனில் அந்த நேரமே கிடையாது. அங்கே ஒவ்வொரு நிமிடமும் உங்களுக்காகவே செய்தது. பேச்சு நின்றால் கால் கட் ஆகிவிட்டதா என்று "ஹலோ, கேக்குதா?" என்கிறோம். போனில் ஒருவரோடு சும்மா இருக்க முடியாது. கல்யாண வாழ்க்கையிலோ பெரும்பகுதி சும்மா இருப்பதுதான்.

ஒரு தம்பதி, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். ஒன்றரை வருடம் போனில் பேசிக் கல்யாணம் செய்தவர்கள், நாலாவது மாதம் என்னிடம் வந்தார்கள். அந்தப் பெண் சொன்னது எனக்கு மறக்கவில்லை: "அவர் எதையும் மறைக்கல மேடம். தனக்கு சுத்தம் ரொம்பப் பிடிக்கும்னு மொத வாரமே சொன்னார். எனக்கும் அது பிடிச்சுது. ஆனா நான் கழுவி வெச்ச தட்டை எடுத்து, ஒண்ணும் சொல்லாம, திரும்பக் கழுவுவார்னு எனக்கு எப்படித் தெரியும்?" சுத்தம் பிடிக்கும் என்பது தகவல். திரும்பக் கழுவிய தட்டுதான் அவர். இதற்கு நேர்மாறாகவும் பார்த்திருக்கிறேன். போனில் "ம்"முக்கு மேல் பேசாத பையனை, திமிர் பிடித்தவன் என்று பெண் வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். ராத்திரி ரயிலில் எல்லோரும் சேர்ந்து போனபோது, தூங்கும் பாட்டியின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, நடக்கிறவர்கள் இடித்துவிடாமல் தன் பையை நகர்த்தி வைத்து அங்கேயே உட்கார்ந்திருந்தான். அந்தப் பெண் மேல் பெர்த்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அப்புறம் அவளுக்கு அந்த "ம்" தொந்தரவாக இல்லை.

இதனால் நேர்தான் நிஜம், போன் பொய் என்று முடித்துவிடாதீர்கள். பெண் பார்க்கும் சடங்கும் நேர்தான். பன்னிரண்டு பேர் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்க, காபித் தட்டோடு தலை குனிந்து வந்து நின்றதில் யார் யாரைத் தெரிந்துகொண்டார்கள்? "உங்க அப்பா குடிப்பாரா, நீங்க குடிப்பீங்களா, கல்யாணத்துக்கு அப்புறம் என் சம்பளம் யார் கையில்" என்பதையெல்லாம் ஒரு பெண் வாய்விட்டுக் கேட்க முடிந்ததே போன் வந்த பிறகுதான். என் தலைமுறைப் பெண்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2005 முதல் 2012 வரை திருமணம் செய்த 19,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை வைத்து 2013-இல் வந்த ஆய்வில், ஆன்லைனில் சந்தித்தவர்களின் திருமணம் மற்றவர்களுடையதைவிட மோசமாகவில்லை, சற்று மேலாகவே இருந்தது. அதற்குப் பணம் கொடுத்தது ஒரு ஜோடி சேர்க்கும் இணையதளம், எனவே அந்த முடிவைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தவிர அவர்கள் ஆன்லைனில் சந்தித்தார்கள், அங்கேயே தங்கிவிடவில்லை.

நேரில் பார்க்காமலே நட்பு வளராதா என்றால், பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் இருக்கிறார்களே என்பார்கள். பாண்டிய நாட்டுப் புலவரும் உறையூர் அரசனும், ஒருவரை ஒருவர் கண்டதில்லை. அரசன் வடக்கிருக்கும்போது, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்தபோது, பிசிராந்தையார் வருவார், அவருக்கு இடம் வையுங்கள் என்றான். வந்தார். அழகான கதை, எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர்கள் சந்தித்தது சாகப்போகிற இடத்தில். ஒரே வீட்டில் இருந்து கரண்ட் பில் யார் கட்டுவது என்று பேச வேண்டிய நிலை அவர்களுக்கு வரவே இல்லை.

தூரத்தில் இருந்து காதலித்துப் பிறகு ஒரே ஊருக்கு வந்த அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை லாரா ஸ்டாஃபோர்டும் அவருடைய குழுவும் ஆராய்ந்தார்கள். சேர்ந்த ஜோடிகளில் மூன்றில் ஒரு பங்கு மூன்று மாதத்துக்குள் பிரிந்துவிட்டது. தனக்கென்று இருந்த நேரம் போய்விட்டது, புதுசு போய்விட்டது, தெரியாத குணங்கள் தெரிந்தன என்றார்கள். இந்த எண்ணை உங்கள் மேல் போடமாட்டேன். அவர்கள் எந்த நேரமும் விலகிக்கொள்ளக்கூடிய காதலர்கள். உங்கள் பின்னால் இரண்டு குடும்பமும் மண்டப அட்வான்ஸும் இருக்கின்றன. நம் ஊரில் பிரிகிறவர்கள் குறைவு என்பதால் பொருந்துகிறவர்கள் அதிகம் என்று ஆகிவிடாது. எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: சேர்ந்த முதல் மூன்று மாதம் எல்லோருக்குமே கரடுமுரடாக இருக்கும், அது தவறான ஆள் என்பதற்கு அடையாளம் இல்லை.

இனி என்ன செய்யலாம்? தைக்குள் அவர் இன்னொரு தடவை வர முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் கல்யாணத்துக்கு முந்தின நாள் இறங்காமல் இரண்டு வாரம் முன்னால் வரட்டும், அதில் மூன்று நாலு பகலாவது அத்தை, தம்பி இல்லாமல் வேண்டும். வீட்டில் தனியாக விடமாட்டார்கள் என்றால் பேசுவதற்கென்று கேட்காதீர்கள், வேலைக்கென்று கேளுங்கள். பத்திரிகை கொடுக்கப் பஸ்ஸில் போங்கள், ஏதாவது ஒரு கவுண்டர் வரிசையில் நில்லுங்கள். வரிசையில் நிற்கும்போது ஒரு மனிதரைப் பற்றித் தெரிவது ஹோட்டலில் தெரியாது.

அதுவரை போனையே கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்தலாம். இரவு இரண்டு மணி நேரத்தை அரை மணியாகக் குறையுங்கள். மீதியை அவர் சமைக்கும்போது, நீங்கள் துணி மடிக்கும்போது வையுங்கள். போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பாருங்கள், பேச வேண்டியதில்லை. முதல் நாலு நாள் அசட்டுத்தனமாக இருக்கும். அப்புறம் பால் பொங்கி வழிந்தால் அவர் வாயில் என்ன வருகிறது என்று தெரியும். என்னிடம் வந்த சிலருக்கு இது உதவியது, சிலர் இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். நிரூபணம் என்று என்னிடம் எதுவும் இல்லை. ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: மனஸ்தாபம் வந்தால் டைப் செய்யாதீர்கள், கூப்பிடுங்கள். படித்துவிட்டார் என்று நீல டிக் விழுந்தும் இருபது நிமிடம் பதில் வராத அந்த இருபது நிமிடத்தில் எத்தனை கல்யாணம் ஆட்டம் கண்டிருக்கிறது தெரியுமா? இந்தப் பழக்கம் தைக்குப் பிறகும் தேவைப்படும். தாலி கட்டிப் பத்து நாளில் அவர் கிளம்பிவிடுவார், உங்களுக்கு விசா வர மாதக்கணக்கில் ஆகலாம். அப்போதும் போன்தான்.

நெருக்கமான பேச்சு ஒருவரின் விவரங்களைச் சரிபார்க்கிற வேலையைச் செய்யாது, இதையும் சொல்லியே ஆக வேண்டும். வேலை, விசா, முந்தைய திருமணம், கடன் ஆகியவற்றைக் காகிதத்திலும், அங்கே இருக்கிற இன்னொரு மனிதர் மூலமும் உறுதி செய்துகொள்ளுங்கள். வெளிநாடு வாழ் இந்தியர் திருமணப் புகார்களுக்கென்றே தேசிய மகளிர் ஆணையத்தில் 2009 முதல் தனிப்பிரிவு இருக்கிறது. தேவை இல்லாமல் அதை வைக்கவில்லை. உங்கள் மாப்பிள்ளையைச் சந்தேகப்படச் சொல்லவில்லை, நல்ல மாப்பிள்ளை இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆக, இரண்டு பேரில் யார் என்றால், என் பதில் இரண்டு பேரும் இல்லை. ஜவுளிக்கடையில் நின்றவர் கூட்டத்துக்குக் கூசியவர். இரவு பேசுகிறவர் சாப்பிட்டு ஓய்ந்தவர். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், அவரைப் பார்க்க உங்களுக்கு இன்னும் சந்தர்ப்பம் அமையவில்லை. நான் இதுவரை பேசியதெல்லாம் உங்கள் பக்கத்தை மட்டும் கேட்டுத்தான். அந்தப் பத்து நாள் அவருக்கு எப்படி இருந்தது என்று நீங்கள் எங்கேயும் எழுதவில்லை, கேட்டிருப்பீர்களா என்று தெரியவில்லை. இன்று இரவு அதைக் கேளுங்கள். மெசேஜில் வேண்டாம், கூப்பிட்டுக் கேளுங்கள். அவர் உடனே பதில் சொல்லாவிட்டால் "ஹலோ" என்று சொல்லாமல் கொஞ்ச நேரம் காத்திருங்கள்.